கூட்டுப் படை வந்தது, பில் யாருக்கு வந்தது?

2024 ஆகஸ்ட்ல கோயம்புத்தூர் பக்கம் சூலூர் விமானப்படைத் தளத்துல 'தரங் சக்தி' கூட்டுப் பயிற்சி நடந்தது ஞாபகம் இருக்கா? ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானப்படைகள் நம்ம விமானப்படையோட சேர்ந்து பறந்தன. அந்த வீடியோவை எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ராஜபாளையத்துல இருக்கிற சித்தி பையன் போட்டு, "அண்ணே, நம்ம பக்கம் இப்படி ரெண்டு மூணு நாட்டுப் படை சேர்ந்து வர்றது இதுதான் முதல் தடவையா?"ன்னு கேட்டான்.

"பயிற்சின்னா தெரியல தம்பி. சேர்ந்து சண்டைக்கு வந்த படைன்னா, 1755-லயே வந்தாச்சு"ன்னு சொன்னேன். அந்தப் பதிலோட மீதிதான் இந்த எபிசோட்.

முதல்ல ஊர்ப் பேர்ல இருந்து ஆரம்பிப்போம். பாளையம் என்றால் படை தங்கும் இடம். மதுரை நாயக்கர் ஆட்சியில் விஸ்வநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்பது மரபு. பாளையக்காரர் தன் பகுதியில் வரி வசூலிப்பார், காவல் பார்ப்பார். மதுரை கூப்பிட்டால் படையோடு போய் நிற்பார். மதுரைக் கோட்டையில் ஆளுக்கு ஒரு கொத்தளம் என்று காவல் பொறுப்பும் கொடுத்திருந்ததாகச் சொல்வார்கள். அதாவது பல படைகள், ஒரே தலைமை, யாருக்கு என்ன வேலை என்பது முன்கூட்டியே முடிவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலுக்குப் போனால், அப்படியே திருமலை நாயக்கர் மஹாலையும் பார்த்துவிட்டு வாருங்கள். மதுரையின் கை இந்த மலையடிவாரம் வரைக்கும் நீண்டிருந்ததற்கு அந்தக் கட்டடமே சாட்சி.

1736-ல் மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்தது. அடுத்து, ஆற்காடு நவாப் பதவிக்கு நடந்த போட்டியில் முகமது அலி கிழக்கிந்தியக் கம்பெனியின் துணையோடு நின்றார். மதுரையும் திருநெல்வேலியும் தனக்குக் கப்பம் கட்ட வேண்டும் என்றார். பாளையக்காரர்கள் பலர், "நாயக்கருக்குக் கட்டினோம் சரி, நீங்க யாரு?" என்ற மனநிலையில் இருந்தார்கள்.

அதனால் 1755 தொடக்கத்தில் திருச்சியிலிருந்து ஒரு கூட்டுப் படை தெற்கே கிளம்பியது. கம்பெனி தரப்பில் கர்னல் ஹெரான், 500 ஐரோப்பியர், 2,000 சிப்பாய்கள். நவாப் தரப்பில் அவர் அண்ணன் மாபூஸ் கான், 1,000 குதிரைப்படை. சிப்பாய்களுக்குத் தளபதி யூசுப் கான், நாம் மருதநாயகம் என்று அறிந்தவர்.

காகிதத்துல பார்த்தா பக்காவான டீம். ஆனா ஒவ்வொருத்தர் மனசுலயும் ஒவ்வொரு கணக்கு. கம்பெனிக்கு ஏற்கெனவே நடந்த போரின் செலவை வசூலிக்கணும். நவாபுக்குத் தான்தான் அரசன்னு தெற்கே நிரூபிக்கணும். மாபூஸ் கானுக்குத் தனக்குன்னு ஒரு சீமை வேணும். ஒரே ப்ராஜெக்ட்ல மூணு பேர் மூணு டெட்லைன் வச்சிருந்தா என்ன ஆகும்னு ஐடில வேலை பார்க்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஹெரான் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மாபூஸ் கானுக்கே குத்தகைக்கு விட்டார். பிறகு பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் கோட்டைக்கு முன்னால் போய் நின்று 20,000 ரூபாய் கேட்டார். கோட்டையைத் தகர்க்கும் அளவுக்குப் பெரிய பீரங்கி கையில் இல்லை என்பது உள்ளே இருந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. பணம் வரவில்லை, படை திரும்பியது.

இந்தப் பயணத்தில் மக்கள் மறக்காத விஷயம் இன்னொன்று. மதுரை அருகே கோவில்குடி கோயிலுக்குள் படை புகுந்து தெய்வச் சிலைகளை எடுத்துக்கொண்டு போனது. 5,000 ரூபாய் கொடுத்தால் திருப்பித் தருகிறோம் என்று பேரமும் நடந்தது. ஊர் மக்கள் கொடுக்கவில்லை. படை திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் மடக்கித் தாக்கி, சிலைகளை மீட்டார்கள். ஹெரான் சென்னையில் ராணுவ விசாரணைக்கு உள்ளாகி வேலையை இழந்தார்.

சரி, ஹெரான் போயாச்சு. பிரச்சினை போகல. 15 லட்சத்தை மாபூஸ் கானால் வசூலிக்க முடியவில்லை. பூலித்தேவர் பாளையக்காரர்களைத் திரட்டினார். மதுரைக்கும் தெற்கத்திப் பாளையங்களுக்கும் நடுவே மலையோரம் இருந்ததால் ஸ்ரீவில்லிபுத்தூர் கோட்டை முக்கியமானது. அது நவாபின் ஆட்கள் கையிலிருந்து பூலித்தேவர் தரப்புக்குப் போனது, பிறகு யூசுப் கான் கைக்கு வந்தது. அதுக்கு நடுவுல அந்த ஊர்ல நெல் விதைச்சவங்க யாருக்கு வரி கட்டியிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. பெரும்பாலும், அன்னைக்கு யார் வாசல்ல நிக்கிறாங்களோ அவங்களுக்கு.

இனி நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், தலை சுற்றும். கப்பம் வசூலிக்க வந்த மாபூஸ் கான், தம்பிக்கு எதிராகத் திரும்பிப் பூலித்தேவரோடு சேர்ந்தார். பூலித்தேவரோடு இருந்த திருவிதாங்கூர், களக்காடு கிடைக்கும் என்றதும் 1759-ல் யூசுப் கானோடு சேர்ந்தது. இந்தப் புதிய கூட்டணி அந்த ஆண்டு டிசம்பரில் வாசுதேவநல்லூர் மண்கோட்டையைத் தாக்கித் தோற்றது. ராஜபாளையத்திலிருந்து சேத்தூர், சிவகிரி வழியா இன்னைக்கு பஸ்ல போகிற அதே வாசுதேவநல்லூர்தான். 1761-ல் யூசுப் கான் அந்தக் கோட்டையையும் நெற்கட்டும்செவலையும் பிடித்தார். அடுத்த சில வருஷத்திலேயே அவரும் நவாபையும் கம்பெனியையும் எதிர்த்தார். அவருக்கு எதிராகவும் ஒரு கூட்டுப் படை மதுரைக்கு வந்தது. 1764 அக்டோபர் 15 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.

ஒன்பதே வருஷம். 1755-ல் ஒன்றாகக் கிளம்பிய ஹெரான், மாபூஸ் கான், யூசுப் கான் மூன்று பேரில் ஒருவர் பதவி இழந்தார், ஒருவர் அணி மாறினார், ஒருவர் உயிரையே இழந்தார்.

அப்போ ஜெயிச்சது நவாபா? அதுவும் இல்லை. ஒவ்வொரு படையெடுப்புக்கும் கம்பெனி அவர் கணக்கில்தான் செலவு எழுதியது. அதைக் கட்ட அவர் கம்பெனி அதிகாரிகளிடமே வட்டிக்கு வாங்கினார். வட்டி கட்ட மறுபடி தெற்கே வசூல், வசூலுக்கு மறுபடி படை, அந்தப் படைக்கு மறுபடி பில். இந்தக் கடன் விவகாரம் 1785-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் பேசும் அளவுக்குப் பெரிதானது. கடைசியில் 1801 ஒப்பந்தத்தில் கர்நாடகத்தின் ஆட்சியே கம்பெனிக்குப் போனது. நவாப் என்ற பட்டம் மட்டும் மிஞ்சியது. நாங்க இதை 'வெண்டர் லாக்-இன்' என்போம். உங்க சிஸ்டம் முழுக்க ஒரே கம்பெனியை நம்பி ஓடுதுன்னா, ஒரு கட்டத்துல சிஸ்டமே அவங்களுடையது.

இப்போ இன்றைக்கு வருவோம். 1755-ல் நடந்தது போர். இன்று நடப்பது பயிற்சி. ரெண்டும் ஒன்னுன்னு நான் சொல்ல வரல. இந்தியாவும் இலங்கையும் நடத்தும் 'மித்ர சக்தி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் புனேயில் நடந்தது, 2024-ல் இலங்கையின் மாதுரு ஓயாவில் நடந்தது. ஒரு முறை இங்கே, ஒரு முறை அங்கே. 2024-ல் இந்தியாவிலிருந்து போனவர்கள் 106 பேர். ஐ.நா. சாசனத்தின் 7-ஆம் அத்தியாயத்தின் கீழ் வரும் பணிகளுக்கான பயிற்சி என்று முன்பே அறிவித்தார்கள். எத்தனை பேர், எங்கே, எதற்கு, எத்தனை நாள் என்று எல்லாமே எழுத்தில் இருக்கிறது. முடிந்ததும் வந்தவர்கள் திரும்பிப் போகிறார்கள். நவாபுக்கும் கம்பெனிக்கும் நடுவே இல்லாமல் போனது இந்தக் கடைசி வரிதான்.

ஆனாலும் யார் நமக்குக் கூட்டாளி என்ற கேள்வி டெல்லியோடு முடிந்துவிடுவதில்லை. 2012 ஜூலையில் இலங்கை விமானப்படையினருக்குத் தாம்பரத்தில் பயிற்சி தருவது தெரிந்ததும் தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது. அவர்களை பெங்களூரு பக்கம் எலகங்காவுக்கு மாற்றினார்கள். 2009-ஐ மறக்காத மக்களுக்கு அது வெறும் பயிற்சி வகுப்பாகத் தெரியவில்லை. அந்த மாற்றம் போதுமா, சரியா என்று நாம் விவாதிக்கலாம். ஆனால் கோவில்குடி மக்கள் கணவாயில் மறித்துக் கேட்க வேண்டியிருந்ததை, தாம்பரத்தில் குரல் கொடுத்தே கேட்க முடிந்தது. இந்த 250 வருஷத்துல நமக்குக் கிடைச்ச பெரிய விஷயம் அதுதான்.

அதனால அடுத்த தடவை ஒரு கூட்டுப் பயிற்சி வீடியோ வந்தா, விமானத்தை ரசிங்க, தப்பில்லை. கூடவே மூணு கேள்வி கேளுங்க. தலைமை யாரு? செலவு யாருது? எப்போ கிளம்புறாங்க?

இதையெல்லாம் தம்பிக்கு வாய்ஸ் நோட்டா அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழிச்சுப் பதில் வந்தது: "அண்ணே, வீட்ல மாடி போர்ஷன் வாடகைக்கு விடறோம். அந்த மூணு கேள்வியையும் அப்பா அங்கயும் கேக்கச் சொல்றார்."

சித்தப்பாவுக்கு வரலாறு சரியாத்தான் புரிஞ்சிருக்கு. அடுத்த வாரம் சந்திப்போம்.