அமெரிக்க ஆய்வாளர் விசா: கிருஷ்ணகிரிப் பின்னணியில் ஒரு வரலாறு

அமெரிக்க ஆய்வாளர் விசா என்பது அயல்நாட்டு அறிவியலாளர்களும் பேராசிரியர்களும் முனைவர் பட்டம் முடித்த இளையோரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலோ ஆய்வுக்கூடங்களிலோ நிறுவனங்களிலோ பணியாற்ற அந்நாடு வழங்கும் அனுமதிகளுக்கு வழக்கில் உள்ள பொதுப்பெயர். சட்டப் புத்தகத்தில் இந்தப் பெயரில் ஒரு விசா கிடையாது. பரிமாற்றத் திட்டத்துக்கு ஜே-1, வேலைக்கு எச்-1பி, அசாதாரணத் திறனாளருக்கு ஓ-1, ஒரே நிறுவனத்தின் கிளைக்கு மாற்றலாகிறவர்களுக்கு எல்-1, மாநாட்டுக்கும் குறுகிய கூட்டங்களுக்கும் பி-1 என்று பல வாசல்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு தேவைக்காகத் திறக்கப்பட்டது. விண்ணப்பதாரர்கள் விசாவின் எழுத்தைப் பற்றியே விசாரிக்கிறார்கள். ஆனால் முக்கால் நூற்றாண்டுச் சட்ட வரலாற்றைப் பார்த்தால், ஆய்வாளரின் நிலையைப் பெரும்பாலும் தீர்மானித்தது அவருக்குச் சம்பளமோ உதவித்தொகையோ யார் தருகிறார்கள் என்பதுதான்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இடம்

2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தை மோட்டார் தொழிற்சாலைகளும் மாம்பழமும் உள்ள ஊராகவே வெளியார் அறிவார்கள். ஆய்வும் இங்கே உண்டு. ஓசூரில் மத்தியப் பட்டு வாரியம் பட்டுப்புழு, மல்பெரி வகைகளின் மரபுவள மையத்தை நடத்துகிறது. அதே ஊரில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்திக் கல்லூரியும், பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும், பர்கூரில் அரசுப் பொறியியல் கல்லூரியும் உள்ளன. ஓசூரின் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் போன்ற நிறுவனங்களில் வடிவமைப்பிலும் சோதனையிலும் ஈடுபடும் பொறியாளர்கள் தனிக் கூட்டம்.

விசா வரலாற்றில் இந்த மாவட்டத்துக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் எல்லை தமிழ்நாட்டோடு முடிவதில்லை. கர்நாடகமும் கேரளமும் அதில் அடங்கும். ஆகவே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளரும் நேர்காணலுக்குப் பெரும்பாலும் அண்ணா சாலைக்கே வருவார். சாலை வழியே வந்தால் வழக்கமாக ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் தாண்டி வருவார். கிருஷ்ணகிரி நகரில் ரயில் நிலையமே இல்லை என்பதால் உள்ளூர்க்காரருக்கு இரவுப் பேருந்துதான் கதி. ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான், சென்னையோ 300 கிலோமீட்டருக்கு மேல். பெங்களூருவில் அமெரிக்கத் துணைத் தூதரகம் 2025 ஜனவரி 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டபோது ஓசூரில் எழுந்த மகிழ்ச்சிக்கு இந்தத் தூரமே காரணம். ஆனால் தொடக்கத்தில் அங்கே விசா சேவை இல்லை.

தடை இருந்த காலம்

இந்தியர்களுக்கு அமெரிக்கா ஒரு காலத்தில் கதவையே மூடியிருந்தது. 1917-ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடை மண்டலமாக்கியது. மாணவர், ஆசிரியர், மருத்துவர், வேதியியலாளர் போன்ற சில பிரிவினருக்கு மட்டும் அதில் விலக்கு இருந்தது. 1923 பிப்ரவரியில் பகத் சிங் திண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தியர்கள் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபரில்தான் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் பாஸ்டன் போய் இறங்கினார். ஹார்வர்டிலும் பின்னர் லெடர்லே ஆய்வகத்திலும் அவர் செய்த வேலை மருத்துவ உலகம் அறிந்தது. கால் நூற்றாண்டு அங்கேயே உழைத்து, குடியுரிமை பெறாமலே 1948-இல் இறந்தார்.

1924-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் கெடுபிடியை இறுக்கினாலும், குறைந்தது இரண்டு ஆண்டுகள் கற்பித்த பேராசிரியர்களை ஒதுக்கீட்டுக்கு வெளியே வைத்தது. மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் சேர்ந்தது இந்தச் சட்டங்கள் நடப்பிலிருந்தபோதுதான். 1946 ஜூலையில் லூஸ்–செல்லர் சட்டம் ஆண்டுக்கு 100 இந்தியர் என்ற ஒதுக்கீட்டையும் குடியுரிமை பெறும் வாய்ப்பையும் தந்தது. சந்திரசேகர் 1953-இல் அமெரிக்கக் குடிமகனானார். முழு நாட்டுக்கும் 100 இடம் என்பது ஒரு பெரிய கல்யாண மண்டபத்தின் ஒரு பந்திக்கும் காணாது. ஆனாலும் பூஜ்யத்திலிருந்து கிளம்பிய எண் அது.

பரிமாற்ற விசா: போய்த் திரும்பு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவுக்கு வேறொரு கணக்கு வந்தது. பிற நாட்டு அறிவாளர்களை அழைத்து, தன் நாட்டைக் காட்டி, நல்லெண்ணத்தோடு திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அது. ஃபுல்பிரைட் திட்டமும் 1948-இன் ஸ்மித்–முண்ட் சட்டமும் இதற்காகவே எழுந்தவை. இந்தியாவுடனான ஃபுல்பிரைட் ஒப்பந்தம் 1950 பிப்ரவரி 2 அன்று கையெழுத்தானது. 2008-இல் இந்தியா செலவில் சம பங்கு ஏற்றதும் உதவித்தொகை ஃபுல்பிரைட்–நேரு என்று பெயர் மாறியது.

திரும்புவது அன்று பலருக்கு இயல்பாக இருந்தது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1950-களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருளைக்கிழங்கு மரபியலில் ஆய்வு செய்தார். ஆசிரியர் பணி தருவதாகச் சொல்லியும் ஏற்காமல் 1954-இல் நாடு திரும்பினார். எல்லோரும் அப்படித் திரும்பவில்லை. ஆகவே 1956-இல், பரிமாற்றத் திட்டத்தில் வந்தவர் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் வசித்த பிறகே குடியேற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் வந்தது. 1961 செப்டம்பரில் ஃபுல்பிரைட்–ஹேஸ் சட்டம் பரிமாற்றத்துக்கென்று ஜே என்ற தனி எழுத்தை ஒதுக்கியது.

இந்த இரண்டாண்டு நிபந்தனையே, 212(ஈ) என்ற பிரிவு எண்ணால், இன்றுவரை ஆய்வாளர்களின் தூக்கத்தைக் கெடுப்பது. முதலில் அது எல்லாப் பரிமாற்றத்தாருக்கும் பொதுவாக இருந்தது. 1970-இன் திருத்தம் அதைச் சுருக்கியது. இரு அரசுகளில் ஏதாவது ஒன்றின் பணத்தில் போகிறவருக்கும், சொந்த நாட்டுக்கு மிகவும் தேவை என்று பட்டியலிடப்பட்ட துறையினருக்கும் மட்டும் நிபந்தனை என்றாயிற்று. 1976-இல் பயிற்சி மருத்துவர்களும் சேர்க்கப்பட்டனர். திறன் பட்டியல் எனப்படும் அந்தத் துறைப் பட்டியல் 1972-இல் முதலில் வெளியாகி, 1984, 1997, 2009 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. இந்தியாவின் பெயருக்கு நேரே துறைகள் நீண்டு கிடந்ததால், அரசுப் பணம் ஒரு டாலர்கூட வாங்காத இந்திய ஆய்வாளர்களும் இதில் மாட்டினார்கள்.

மாட்டியவர் விலக்குக் கேட்பதற்கு உள்ள வழிகளில் இந்தியர்கள் அதிகம் நாடியது ஆட்சேபமின்மைக் கடிதம். அதை வாங்க முதலில் 'நோரி' சான்று வேண்டும். இந்தியாவுக்குத் திரும்பும் கடப்பாடு இவருக்கு இல்லை என்று நம் அரசு எழுதித் தருவது அது. மத்தியக் கல்வி அமைச்சகம், மாநில அரசு, பாஸ்போர்ட் அலுவலகம் என்று மூன்று திசையில் கோப்பு நகர வேண்டும். அமெரிக்காவில் பகல் முழுதும் சோதனைக் குழாயோடு இருக்கும் மகளுக்காக, தேன்கனிக்கோட்டையிலோ ஊத்தங்கரையிலோ இருக்கும் அப்பா சென்னைக் கோட்டைக்கும் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் அலைவது என்று காலம் போகும். மூன்றும் சேர்ந்த பின் இந்தியத் தூதரகம் அமெரிக்க வெளியுறவுத் துறைக்குக் கடிதம் அனுப்பும். அதற்கும் மேல் அத்துறையின் பரிந்துரை வேண்டும். ஃபுல்பிரைட் போன்ற அமெரிக்க அரசு உதவி பெற்றவருக்கு இவ்வழியில் விலக்கு கிடைப்பது மிக அரிது.

2024 டிசம்பர் 9 அன்று வெளியான புதிய திறன் பட்டியலில் இந்தியாவின் பெயரே இல்லை. ஆய்வாளர்களைப் பொறுத்தவரை அண்மை ஆண்டுகளில் நேர்ந்த ஆகப் பெரிய நன்மை இதுதான். சத்தமில்லாமல் வந்ததால் பலருக்கு இன்னும் எட்டவில்லை.

ஜே-1 இன்று நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அழைக்கும் பல்கலைக்கழகம் டிஎஸ்-2019 என்ற படிவத்தைத் தரும்; யார் எவ்வளவு பணம் தருகிறார்கள் என்பது அதிலேயே அச்சாகியிருக்கும். ஆய்வு அறிஞர் பிரிவில் உச்ச வரம்பு 5 ஆண்டு. தம் திட்டத்தை முடித்தவர் மறுபடி அதே பிரிவில் வர 24 மாதம் காத்திருக்க வேண்டும். குறுகிய கால அறிஞர் பிரிவு 6 மாதத்தோடு சரி. நிரந்தரப் பேராசிரியர் பணிக்கு இது உதவாது. மருத்துவக் காப்பீடு கட்டாயம். துணைவருக்கு ஜே-2 விசாவில் வேலை அனுமதி கேட்கலாம் என்பது குடும்பத்தோடு போகிறவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

வேலை விசா: லாட்டரியும் லாட்டரி இல்லாததும்

1952-இன் குடியேற்றச் சட்டம் எச்-1 என்ற பிரிவை உண்டாக்கியது. தனிச்சிறப்புள்ளவர், தற்காலிக வேலைக்கு மட்டும் என்பது அதன் ஆரம்ப நிபந்தனை. 1970-இல் வேலை தற்காலிகமானதாக இருக்க வேண்டியதில்லை என்று தளர்த்தினார்கள்; எல் விசாவும் அப்போது பிறந்ததே. 1990-இன் சட்டம் எச்-1பி என்ற இன்றைய வடிவத்தைத் தந்து ஆண்டுக்கு 65,000 என்று வரம்பு வைத்தது. ஓ-1 பிரிவும் அந்தச் சட்டத்தில் வந்தது. எச்-1பி கேட்பவர் திரும்பி வருவேன் என்று நிரூபிக்கத் தேவையில்லை என்ற சலுகையும் அதிலேயே கிடைத்தது. ஜே-1 விண்ணப்பதாரருக்கு அது இல்லை. ஊரில் உள்ள வேலை, வீடு, குடும்பம் பற்றிய கேள்விகளை அவர் எதிர்கொண்டே தீர வேண்டும்.

ஓசூர்க்காரர்களுக்கு எச்-1பி என்ற சொல் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி வழியாக, கணினித் துறையின் சொல்லாகவே அறிமுகமானது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறுகளின் கடைசியில் மென்பொருள் தேவை எகிறியதும் வரம்பு 1,15,000-க்கும், பிறகு மூன்றாண்டுகளுக்கு 1,95,000-க்கும் உயர்ந்து, 2004 நிதியாண்டில் பழையபடி 65,000-க்கு இறங்கியது. அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்குத் தனியே 20,000 இடங்கள் சேர்ந்தன. குலுக்கல் வந்தது, 'லாட்டரி அடித்ததா' என்ற விசாரிப்பும் வந்தது. ஆய்வாளர்களும் தங்களுக்கும் அதே குலுக்கல்தான் என்று நம்பிக்கொண்டது இதன் விளைவு. உண்மையில் 2000 அக்டோபரில் நிறைவேறிய சட்டம் பல்கலைக்கழகங்களையும் அவற்றோடு இணைந்த லாப நோக்கற்ற அமைப்புகளையும், லாப நோக்கற்ற ஆய்வு நிறுவனங்களையும், அரசு ஆய்வு நிறுவனங்களையும் வரம்பிலிருந்து முற்றாக விலக்கிவிட்டது. பல்கலைக்கழகம் வேலை கொடுத்தால், மனுப் போட ஏப்ரல், வேலை தொடங்க அக்டோபர் என்று காத்திருக்க வேண்டாம்; எந்த மாதத்திலும் மனுப் போடலாம். அதே ஆய்வாளர் தனியார் நிறுவனத்துக்கு மாறினால் குலுக்கலில் நிற்க வேண்டும்.

எச்-1பி முதலில் 3 ஆண்டு, மொத்தம் 6 ஆண்டு. ஓ-1-க்கு எண்ணிக்கை வரம்பில்லை. பரிசு, வெளியீடு, மேற்கோள் எண்ணிக்கை, சக ஆய்வாளர் கட்டுரைகளை மதிப்பிட்ட அனுபவம் ஆகியவற்றைச் சான்றாக அடுக்க வேண்டும். 212(ஈ) எச், எல் விசாக்களையும் கிரீன் கார்டையும் தடுக்கிறதே தவிர ஓ-1-ஐத் தடுப்பதில்லை. ஆனால் அமெரிக்காவுக்குள் இருந்தபடியே மாறிக்கொள்ள முடியாது. வெளியே வந்து முத்திரை வாங்க வேண்டும்.

கிரீன் கார்டு தனிக் கதை. 2016 டிசம்பரில் விண்பொறியியல் ஆய்வாளர் ஒருவரின் மனு மீதான முடிவில் தேசிய நலன் விலக்குக்கான அளவுகோல் தளர்ந்தது. வேலை தருபவர் இல்லாமலே ஆய்வாளர்கள் தாமாக மனுப் போடுவது பெருகியது. மனு ஏற்கப்பட்டாலும், எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதம் என்ற உச்சவரம்பால் இந்தியாவில் பிறந்தவர் பத்தாண்டுக்கு மேல் வரிசையில் நிற்க நேர்கிறது.

சென்னை நேர்காணல்

சட்டம் அனுமதித்தாலும் சாளரத்தில் தடை வரலாம். 1998 மே மாதப் பொக்ரான் சோதனைக்குப் பின், சென்னையில் பிறந்த அணுசக்தி ஆணையத் தலைவர் ஆர். சிதம்பரத்துக்கு, அமெரிக்காவில் நடந்த படிகவியல் மாநாட்டில் கலந்துகொள்ள விசா கிடைக்கவில்லை. அதைவிடப் பரபரப்பானது 2006 பிப்ரவரியில் சென்னையிலேயே நடந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் முன்னாள் இயக்குநரும் அப்போதைய சர்வதேச அறிவியல் பேரவைத் தலைவருமான வேதியியலாளர் கோவர்தன் மேத்தா, ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் அழைப்போடு விண்ணப்பித்தார். அவருடைய வேதியியல் ஆய்வின் தன்மை பற்றிக் குறுக்கு விசாரணை போலக் கேள்விகள் எழுந்தன. விசா உடனே தரப்படவில்லை. கூடுதல் விவரம் கேட்டார்கள். அவமதிப்பு என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். இந்திய அரசும் ஆட்சேபம் தெரிவித்தது. அமெரிக்கத் தரப்பு வருத்தம் தெரிவித்து, அதிபர் புஷ் இந்தியா வருவதற்குச் சற்று முன் விசாவைத் தர முன்வந்தது. மேத்தா பயணத்தையே ரத்து செய்துவிட்டார். அவ்வளவு பெரியவருக்கே இந்தக் கதி என்றால், பையூரிலிருந்தோ பர்கூரிலிருந்தோ போகிற இளையவருக்குக் கூடுதல் பரிசீலனை என்று சொல்லும் 221(ஜி) சீட்டு கொடுத்து மாதக்கணக்கில் காக்க வைப்பதில் வியப்பில்லை. குடிமை, ராணுவம் என இரட்டைப் பயன்பாடு உள்ளதாகக் கருதப்படும் துறையினர் ஆய்வுச் சுருக்கத்தைச் சாதாரண ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தில் எழுதிக் கையில் வைத்திருப்பது பயன் தரும்.

2025-க்குப் பின்

2025 ஜூனில் ஜே விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளைச் சோதிக்கத் தொடங்கினார்கள். டிசம்பர் 15 முதல் அது எச்-1பிக்கும் விரிந்தது. சென்னை உட்பட இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகங்களில் அந்த மாதத்து நேர்காணல்கள் பல மாதங்கள் தள்ளிப்போயின. நேர்காணல் இல்லாத 'ட்ராப் பாக்ஸ்' வசதி செப்டம்பர் 2 முதல் பெரும்பாலோருக்கு நின்றுபோனது. எல்லாவற்றையும் விடப் பெரிய அடி செப்டம்பர் 19 அறிவிப்பு. அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடப்படும் புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்றது அது. வரம்பு விலக்குள்ள பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான தளர்வு தரப்படவில்லை. ஓர் இளம் ஆய்வாளரின் ஓராண்டுச் சம்பளத்தைவிட அதிகமான தொகையை எந்தத் துறைத் தலைவரும் மனமுவந்து கட்டமாட்டார். இந்தியாவிலிருந்து நேரே போகிறவருக்கு ஜே-1 மறுபடி முதன்மை வாசலாகியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

விதிகள் இந்த வேகத்தில் மாறும்போது, புதிதாகப் போகிறவர்கள் டிஎஸ்-2019-இல் பண ஆதாரம் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கையெழுத்திடும் முன்பே பார்த்துக்கொள்ளவும். ஏற்கெனவே போய் வந்தவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2024 பட்டியல் முன்தேதியிட்டும் செல்லும். ஆகவே திறன் பட்டியலால் மட்டும் 212(ஈ) குறிப்பு விழுந்த பழைய ஜே-1 விசா வைத்திருப்பவர்கள், அந்தத் தடை இன்னும் தமக்குப் பொருந்துகிறதா என்று தாம் இருந்த பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு அறிஞர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.