பொய் மீனும் மாசிக் கருவாடும்

அளவெட்டி கடலோரக் கிராமமன்று. தோட்டமும் வயலும், தவிலும் நாதஸ்வரமுமே எங்கள் ஊரின் அடையாளங்கள். ஆயினும் வடக்கே மாதகல், சேந்தாங்குளம், மயிலிட்டிக் கரைகள் அதிக தொலைவில் இல்லை. சைக்கிளில் பெட்டி கட்டிவந்த வியாபாரிகளின் குரலோடு விடிந்த காலைகள் எங்களுடையவை. மீனைப் பற்றி எழுத எனக்குள்ள உரிமை அவ்வளவுதான்.

கனடாவிலிருந்து வந்திருந்த என் தமக்கையின் மகன் ஒருநாள் சிறு பெட்டியொன்றைத் திறந்து, "மாமா, இது மீனில்லை. தொட்டுப் பாருங்கோ" என்றான். விரல் நீளமே இருந்தது. தலை ஈயம், உடல் மெல்லிய பிளாஸ்டிக், தீட்டப்பட்ட கண், செதில், வால், முதுகிலே மேல்நோக்கி வளைந்த முள். ஆங்கிலத்தில் 'ஜிக்' என்பார்கள். ஒன்ராறியோ ஏரிகளில் 'கிராப்பி' என்னும் நன்னீர் மீனைப் பிடிக்க உதவுவது.

அவன் சொன்ன நுணுக்கங்கள் சுவையானவை. கிராப்பிக் குஞ்சு நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் பூச்சிகளையும் தின்னும். வளர்ந்தபின் சிறு மீன்களை நாடும். ஆகவே பெரியதைப் பிடிக்க விரும்புபவன் சிறு மீனின் உருவத்தையே காட்டவேண்டும். அதன் கண்கள் மேல்நோக்கி அமைந்தவை. பொய் மீனை அது நிற்கும் ஆழத்துக்குச் சற்று மேலே அசைக்கவேண்டும். வாயோ காகிதம் போல் மெல்லியது; வெடுக்கென இழுத்தால் கிழிந்து மீன் தப்பிவிடும்.

பொய் மீனைக் காட்டி மெய் மீனைப் பிடிக்கும் இந்த யுக்தி யாருடையது? பத்திரிகைக்காரனின் பழக்கதோஷம், தேடத் தொடங்கினேன். பின்லாந்து மீனவர் லௌரி ராப்பலா 1936இல் தக்கையைச் செதுக்கி, சொக்கலேற் சுற்றிய தாளை ஒட்டி, அடிபட்ட சிறு மீன்போல் நெளியும் இரையொன்றைச் செய்தார். அதற்கும் முன்னர், 1653இல் முதற்பதிப்புக் கண்டு பின்னர் விரிவாக்கப்பட்ட தமது தூண்டில் நூலில், ஆங்கிலேயர் ஐசக் வால்டன் துணியும் நூலும் கொண்டு செய்த மீனொன்றை வருணிக்கிறார். மேலைநாட்டார் எழுதும் வரலாறு பெரும்பாலும் இந்தப் பெயர்களைச் சுற்றியே வருகிறது.

எங்கள் சமையலறையிலோ இதைவிடப் பழைய சாட்சியொன்று இருக்கிறது: சம்பலுக்கு இடித்துப் போடும் மாசிக் கருவாடு.

மாசி மாலைதீவிலிருந்து வந்த பொருள். 1343 - 44இல் அத்தீவுகளில் நீதிபதியாக இருந்த இபுனு பதூதா, மீனைத் துண்டமிட்டு அவித்துப் புகையில் உலர்த்தும் முறையையும், அது இந்தியா, சீனா, யேமன் வரை ஏற்றுமதியானதையும் எழுதிவைத்தார். அங்கிருந்து இலங்கை வந்தவர் 1344இல் புத்தளம் பகுதியில் சந்தித்தது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியை என்பதை நம் மாணவர்கள் அறிவார்கள். மாசியின் செய்முறையை எழுதிய அதே கை நம் அரசனையும் எழுதியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அந்த மீன் பிடிபட்ட விதத்தைச் சொன்னவர் வேறொருவர். 1602இல் கப்பல் உடைந்து மாலைதீவில் ஒதுங்கி, 1607 வரை அங்கே சிறைப்பட்டவர் போல் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார். அவருடைய நூல் 1611இல் பாரிசில் வெளிவந்தது. மீனவர்கள் உயிருள்ள சிறு மீன்களை ஆழ்கடலில் வாரி இறைப்பார்கள். பெருமீன் கூட்டமாகத் திரளும். அவர்களுடைய முள்ளில் இரை கிடையாது. வெள்ளீயம் பூசி வெளுப்பாக்கிய இரும்பு மட்டுமே. பேராசை கொண்ட மீன் அதைச் சிறு வெள்ளை மீனென்று நம்பிக் கவ்விவிடும் என்கிறார். வால்டனின் முதற்பதிப்புக்கு 42 ஆண்டுகள் முன்பே அச்சேறிய செய்தி இது. உலகில் இதுவே முதலாவது என்று சாதிக்க நான் வரவில்லை. நம் கடலுக்கு இந்த அறிவு இறக்குமதியானதன்று என்பதே என் வாதம். பிரார் நூலின் ஆங்கில ஆக்கத்துக்கு (1887 - 90) உதவியவர், பின்னர் இலங்கையின் முதல் தொல்லியல் ஆணையாளரான எச். சி. பி. பெல் என்பதும் குறிப்பிடத்தக்கது.

மூங்கில் கழி கண்ணாடியிழைக் கழியாக மாறியிருக்கிறது, முறை மாறவில்லை. நீரைத் தெளித்துக் கடற்பரப்பைக் கலக்குவார்கள். சிறு மீன்கள் துள்ளுவதாகச் சூரை மயங்கும். முள்ளில் எதிர்க்கொக்கி இல்லாததால், வீசித் தூக்கிய மீன் தானே கழன்று படகில் விழும். ஒரு கழி, ஒரு முள், ஒரு தடவைக்கு ஒரு மீன். இந்த மீன்பிடிக்கு 2012இல் எம்.எஸ்.சி. என்னும் சர்வதேச அமைப்பின் நிலைபேற்றுச் சான்று கிடைத்தது. அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஏற்றுமதி செய்த பின்னரும் அவர்களிடம் பிடிக்க மீன் இருந்தது.

திருவள்ளுவர் சூதில் கிடைக்கும் வெற்றியைத் தூண்டிலின் பொன்னை விழுங்கிய மீனுக்கு ஒப்பிட்டார். அங்கே பொன் என்பது இரைக்குள் மறைந்த இரும்பு எனப் பரிமேலழகர் உரை காண்கிறார். மாலைதீவிலோ இரும்பே இரை. எப்படியாயினும் ஏமாறுவது பசித்து வந்து கவ்விய மீன் மட்டுமே.

நம் கரையின் கதை வேறு. நாட்டின் பெரிய மீன்பிடித் துறைகளில் ஒன்றான மயிலிட்டி 1990இல் மக்களை இழந்தது. துறைமுகம் திரும்பியது 2017 யூலையில், 27 ஆண்டுகள் கழித்து. அதே ஆண்டில் இழுவைமடியை இலங்கைச் சட்டம் தடைசெய்தது. ஆனாலும் பாக்குநீரிணையைக் கடந்து வரும் இழுவைப் படகுகள் அடித்தளத்தோடு குஞ்சையும் முட்டையையும் வழித்துச் செல்கின்றன. வலை அறுந்த சிறு மீனவர் கடனோடு கரையில் நிற்கிறார்.

மருமகனை மாதகலுக்கு அழைத்துச் சென்றேன். அவனுடைய பொய் மீனை வாங்கிய முதியவர் ஒருவர், கண்ணுக்கு அருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"வடிவாய்த்தான் செய்திருக்கிறாங்கள், தம்பி" என்றார். "ஒண்டு ஒண்டாப் பிடிச்ச காலத்தில கடல் வத்தேல்லை. வழிச்சு அள்ளத் தொடங்கின பிறகுதான் வத்தினது."

பிறகு அதைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்து அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.