கும்பினியும் கம்பெனியும்

ஓசூர்ப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் கலந்துதான் பேசுவாங்க. மூணுலயும் மாறாம இருக்கிற ஒரு சொல் 'கம்பெனி'. "பையன் என்ன பண்றான்?" "கம்பெனிக்குப் போறான்." அவ்ளோதான். மேல விளக்கம் தேவையில்லை, தொழிற்சாலை வேலைன்னு அர்த்தம்.

ஆனா இந்த வட்டாரத்துக்கு முதல்ல வந்த கம்பெனி வேற. 1600-ல் லண்டனில் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, நம்மாளுங்க வாயில் 'கும்பினி'. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலை விட்டுக்கொடுக்க, கிருஷ்ணகிரி கும்பினி கைக்குப் போச்சு. 1799-ல் திப்பு இறந்தபின் ஓசூரும் போச்சு. அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் பாராமகாலில் நிலத்தை அளந்து, வரியை நேரே விவசாயியிடமே வாங்கிப் பார்த்தார்கள். பிற்பாடு சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய ரயத்துவாரி முறை இங்கே முளைத்ததுதான். ஆக, அன்னிக்குக் கம்பெனின்னா சர்க்கார், வரி!

சொல்லோட வேரைப் பார்த்தா தமாஷா இருக்கு. லத்தீனில் 'கூட', 'ரொட்டி' என்ற ரெண்டும் சேர்ந்தது. ஒண்ணா உட்கார்ந்து ரொட்டி தின்னும் கூட்டாளி. அதிலிருந்துதான் "டீ குடிக்கலாம், கம்பெனி குடுப்பா" வரை வந்திருக்கு :-) பட்டாளத்தில் ஒரு பிரிவுக்கும் அதே பேர். எம்ஜிஆர் சின்ன வயசில் நடித்த பாய்ஸ் கம்பெனி மாதிரி நாடகக் குழுவுக்கும் அதே பேர்.

கும்பினி ஆட்சி 1858-ல் முடிஞ்சு, 1874-ல் அதுவே கலைக்கப்பட்டது. சுமார் நூறு வருஷம் கழிச்சுப் பார்த்தா, ராகி விளைஞ்ச ஓசூரில் சிப்காட். 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. அசோக் லேலண்ட் வந்தது, டைட்டன் கடிகாரம் வந்தது. வரி கேட்டு வந்த சொல், இப்போ சம்பளம் தர்ற சொல்லா மாறிடுச்சு.

கதை இங்கே முடிஞ்சிருந்தா சுபம். ஆனா இப்ப இந்தத் தொழிற்பேட்டைப் பக்கமெல்லாம் பொண்ணு பார்க்கும்போது அடுத்த கேள்வி ஒண்ணு வருது: "கம்பெனி ஆளா, கான்ட்ராக்டா?" ஒரே கேட்டுக்குள்ள போய், ஒரே ஷிப்ட் பார்க்கிற ரெண்டு பேரில் ஒருத்தன் மட்டும் 'கம்பெனி'. இன்னொருத்தனுக்குச் சம்பளம் கம்மி, நாளைக்கு வேலை உண்டான்னும் தெரியாது.

கூட உட்கார்ந்து ரொட்டி தின்றவன்தானே கம்பெனி? அப்போ அந்தக் கான்ட்ராக்ட் பையனுக்கு என்ன பேர் வைக்கிறது? சொல்லுங்க மக்களே.