குரலுக்கு முகம் சேர்த்த வரலாறு: பெங்களூரிலிருந்து இசைக் காணொளியைப் பார்த்தல்

2024 ஜூலை 9ஆம் நாள் வெளியான ‘பிக் டாக்ஸ்’ என்னும் ஆங்கில ராப் பாடல், பெங்களூரைக் களமாகக் கொண்டு வளர்ந்த ஹனுமன்கைண்ட் என்னும் கலைஞரைச் சில வாரங்களில் உலகறியச் செய்தது. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் அது 23ஆம் இடம்வரை ஏறியது. பாடலைப் பற்றிப் பேசியவர்கள் தாளத்தையும் சொற்களையும் மட்டும் பேசவில்லை; அது மரணக் கிணற்றுக்குள் படமாக்கப்பட்டிருந்த விதத்தையே முதலில் பேசினார்கள்.

இசைக் காணொளி ஒரு விளம்பரம் என்பது பழைய செய்தி. ஆண்ட்ரூ குட்வின் 1992இலேயே தம் நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆனால் அது எதை விளம்பரப்படுத்துகிறது, அதற்காகக் காட்சியில் எதை எதனோடு இணைக்கிறது என்னும் கேள்விக்கு இந்தியச் சூழலில் வேறொரு விடை தேவைப்படுகிறது. ஒலிப்பதிவு என்னும் தொழில்நுட்பம் பாடுபவரின் குரலை அவருடைய உடலிலிருந்து பிரித்தது. பிரிந்த குரலுக்கு யாருடைய முகத்தைப் பொருத்துவது என்பதுதான் அன்றிலிருந்து இசை வணிகத்தின் முதன்மையான காட்சிச் சிக்கல். ஒவ்வொரு காலமும் அதற்கு ஒரு தீர்வு கண்டது. ஒவ்வொரு தீர்விலும் ஒருவர் முகம் பெற்றார். வேறு சிலர் சட்டகத்தின் ஓரத்துக்குப் போயினர். இக்கட்டுரை முன்வைப்பது இதுதான்.

இசைத்தட்டின் காலத்திலிருந்து தொடங்கலாம். 1902 நவம்பரில் கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் பிரெடரிக் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாடல்களைப் பதிவுசெய்தார். பாட்டு முடிந்ததும் பாடகி தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் அறிவிப்பது அத்தட்டுகளின் வழக்கம். முகம் தெரியாத குரலுக்கு அதுவே அடையாள முத்திரை. நிறுவனங்கள் அம்முத்திரையோடு நிற்கவில்லை. கௌஹர் ஜானின் நிழற்படம் அஞ்சலட்டைகளிலும் தீப்பெட்டிகளிலும் அச்சாயிற்று. இசையை விற்கப் பாடுபவரின் உருவத்தைப் பெருக்கிப் பரப்பும் முறை இந்தியாவில் அப்போதே தோன்றிவிட்டது. அவர் தம் இறுதிக் காலத்தில் மைசூர் அரண்மனை இசைக்கலைஞராகி, 1930 ஜனவரியில் மைசூரிலேயே மறைந்தார்.

அதே காலத்தில் தென்னகத்தில் இசைத்தட்டு தந்தவர்களுள் ஒருவர் பெங்களூர் நாகரத்தினம்மா. தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத்தாளில் கலைஞரின் பெயரும் ஊரும் நின்றன. ஊர்ப்பெயரே அடைமொழியாகி, கேட்பவர் மனத்தில் ஓர் உருவத்தை எழுப்பியது. தேவதாசி மரபில் வந்த பெண் கலைஞர்களுக்குக் காட்சிப்படுவது புகழை மட்டும் தரவில்லை, சமூகத்தின் கண்காணிப்பையும் கொண்டுவந்தது. குரல் மட்டும் வீடுகளுக்குள் செல்லும் இசைத்தட்டு அவர்களுக்கு ஒரு வகையில் காப்பாகவும் இருந்திருக்கக்கூடும்.

பேசும்படம் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. தொடக்கத்தில் நடிப்பவரே பாடினார், எம்.கே. தியாகராஜ பாகவதரின் குரலுக்கும் முகத்துக்கும் இடையே பிளவில்லை. 1938இல் ஏவி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ படத்தோடு தமிழில் பின்னணிப் பாடல் அறிமுகமானதாகக் குறிப்பிடுவர். அடுத்த சில பத்தாண்டுகளில் அதுவே பொது நடைமுறையாயிற்று. பாடுபவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்றார். முகத்தை நடிகர் தந்தார். அமெண்டா வைட்மன் தென்னிந்தியப் பின்னணிப் பாடல் பற்றிய தம் 2021ஆம் ஆண்டு நூலில், மேடையில் அசையாது நின்று பாடிய பின்னணிப் பாடகியரின் உடல்மொழியை இப்பிரிவினையோடு சேர்த்தே விளக்குகிறார். திரையில் ஆடும் உடலுக்கும் கூடத்தில் பாடும் குரலுக்கும் இடையே தொலைவு இருப்பதே பாடகியின் கண்ணியத்துக்கு அடிப்படையாகக் கருதப்பட்டது.

இதன் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு கன்னடத் திரையில் கிடைக்கிறது. ராஜ்குமாரின் திரையுருவத்துக்கு நெடுங்காலம் குரல் தந்தவர் பி.பி. ஸ்ரீநிவாஸ். தமிழ் ரசிகர்களுக்கும் நெருக்கமான அக்குரல், கன்னட மக்களின் காதில் ராஜ்குமாரின் குரலாகவே பதிந்திருந்தது. 1974இல் ஜி.கே. வெங்கடேஷ் இசையமைத்த ‘சம்பத்திகெ சவால்’ படத்தில் ராஜ்குமாரே பாடினார். அதற்கு முன்பும் அவர் அரிதாகப் பாடியதுண்டு. எனினும் இப்படத்துக்குப் பிறகே தம் பாடல்களைத் தாமே பாடுவது அவருக்கு வழக்கமாயிற்று. ‘ஜீவன சைத்ர’ படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகருக்கான தேசிய விருதையும் பெற்றார். முகம் தன் குரலை மீட்டுக்கொண்டது என இதைச் சொல்லலாம். ஆனால் முகத்துக்கு அந்த வாய்ப்பு இருந்ததுபோலக் குரலுக்கு இருக்கவில்லை. நடிகர் பாடகராகலாம், பாடகர் தம் குரலுக்குத் தம் முகத்தைச் சேர்க்கத் திரையில் இடமில்லை. தூர்தர்ஷனின் ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சியில் பாடல் வீட்டுக்குள் வந்தபோதும் நடிகரின் முகத்தோடுதான் வந்தது.

அந்த இடத்தை உருவாக்கியது செயற்கைக்கோள் தொலைக்காட்சி. அமெரிக்காவில் 1981 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய எம்டிவி, 1990களின் முதற்பாதியில் ஸ்டார் தொலைக்காட்சியின் வழியே இந்தியாவுக்கு வந்தது. 1994இல் சானல் வி தோன்றியது. 1996இல் எம்டிவி தனியாகத் திரும்பி வந்தது. திரைப்படம் சாராத பாடகர்களுக்கு முதன்முறையாக நாடு முழுதும் காணக்கூடிய ஒரு திரை கிடைத்தது. 1995இல் வெளியான அலிஷா சினாயின் ‘மேட் இன் இந்தியா’ இதன் திருப்புமுனை. அதை இசையமைத்துத் தயாரித்த பித்து பெங்களூரில் பிறந்தவர்; இந்நகரின் இளைஞர் இசைக்குழு ஒன்றிலிருந்து புறப்பட்டு 1960களில் இங்கிலாந்து சென்றவர்; 1974இல் உலகப் புகழ்பெற்ற ‘குங்ஃபூ ஃபைட்டிங்’ பாடலைத் தயாரித்தவர். கென் கோஷ் இயக்கிய ‘மேட் இன் இந்தியா’ காணொளியில் பாடகியே இளவரசி. பல நாட்டு ஆடவர் வந்து நிற்க, அவர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் அவர். திரைப்பாடலில் பார்க்கப்படும் பெண்ணுக்கும் பாடும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளி இங்கு மூடப்பட்டது.

இக்காலக் காணொளிகளின் காட்சி உத்திகளைச் சுருக்கமாக நான்கு எனலாம். முதலாவது, பாடுபவர் நேராகக் கேமராவைப் பார்ப்பது. திரைப்பாத்திரம் பெரும்பாலும் தவிர்க்கும் இப்பார்வை, பாடகரை நம்மோடு நேரடியாகப் பேசுபவர் ஆக்குகிறது. இரண்டாவது, கதை எங்கு சென்றாலும் பல்லவி வரும்போது முகத்தின் அண்மைக் காட்சிக்குத் திரும்புவது. காதுக்குப் பழகும் வரியும் கண்ணுக்குப் பழகும் முகமும் இவ்வாறு ஒன்றாகப் பதிகின்றன. மூன்றாவது, உடை, நிறம், பொருள் ஆகியவற்றுள் ஒன்றை மாறாத அடையாளமாக்குவது. நான்காவது, திரையின் கீழ் மூலையில் கலைஞர், பாடல், தொகுப்பு ஆகியவற்றின் பெயரை எழுத்தில் காட்டுவது. பழைய இசைத்தட்டின் இறுதியில் ஒலித்த பெயரறிவிப்பின் வாரிசு இது.

ஏ.ஆர். ரஹ்மானின் 1997ஆம் ஆண்டு ‘வந்தே மாதரம்’ தொகுப்பு இவ்வுத்திகளின் ஆற்றலைத் தமிழுலகுக்கு உணர்த்தியது. 1992 முதல் அவர் இசையை நாடே கேட்டுவந்தது. ஆனால் அந்த இசைக்குத் திரையில் முகமாக இருந்தவர்கள் நடிகர்கள். பரத்பாலா உருவாக்கிய காணொளியில் விரிந்த நிலப்பரப்பும் தேசியக் கொடியும் எளிய மனிதர்களின் முகங்களும் சூழப் பாடுபவராக ரஹ்மானே தோன்றினார். 2011 நவம்பரில் யூடியூபில் வெளியான ‘கொலவெறி’ வேறொரு திசையில் சென்றது. திரைப்படப் பாடலே ஒலிப்பதிவுக் கூடக் காட்சிகளோடு முதலில் வெளிவந்தது. நெடுங்காலம் மறைவிடமாக இருந்த கூடம் காட்சிமேடையாயிற்று.

யூடியூப் காலத்தின் பெங்களூர் இங்குதான் தனித்துத் தெரிகிறது. சென்னையிலும் மும்பையிலும் இசைக்கலைஞரின் வாழ்வாதாரம் பெரிதும் திரைத்துறையைச் சார்ந்தது. பெங்களூரில் காந்திநகரைச் சுற்றிய கன்னடத் திரையுலகுக்கு வெளியே, கல்லூரி விழாக்களும் மதுவிடுதி மேடைகளும் வேறொரு தனியிசை உலகை வளர்த்திருந்தன. அவ்வுலகக் கலைஞர்களுக்கு முகம் தர நடிகர் இல்லை. தாமே முகமாக வேண்டும். ரகு தீட்சித் லுங்கியும் காற்சலங்கையும் அணிந்து சிசுநாள ஷரீஃபின் பாடல்களைக் கிதாரோடு பாடினார். அவ்வுடை அவருடைய மாறாத அடையாளமாயிற்று. ப்ரோதா வி, ஸ்மோக்கி த கோஸ்ட், பிக் நிக் ஆகியோர் சேர்ந்த ராப் குழு ‘மச்சாஸ் வித் ஆட்டிட்யூட்’ எனப் பெயர் சூடியது. தமிழும் கன்னடமும் கலந்த இந்நகரத் தெருக்களின் விளிச்சொல்லே அங்கு அடையாளம். 2012இல் வந்த ப்ரோதா வியின் ‘ஆத்ம ராமா’ ஆங்கில ராப்போடு பக்தி இசையை இணைத்தது. நிறுவன ஆதரவு குறைந்த இச்சூழலில், இருக்கும் சிறு பணத்தைக் காட்சியில் இடுவதே கேட்பவரை அடையும் வழி என்று இவர்கள் கண்டுகொண்டனர்.

இத்தொடர்ச்சியில் ‘பிக் டாக்ஸ்’ காணொளியை மீண்டும் பார்க்கலாம். மலப்புறத்தில் பிறந்து, ஹூஸ்டனில் வளர்ந்து, கோவையில் கல்லூரிக் கல்வி முடித்துப் பெங்களூரில் ராப் கலைஞரானவர் ஹனுமன்கைண்ட். பாடலின் இசை கல்மியுடையது. பிஜோய் ஷெட்டி இயக்கிய காணொளி கேரளத்தின் பொன்னானியில் படமாக்கப்பட்டது. பொருட்காட்சித் திடலில் மரணக் கிணற்றைப் பார்த்தவர்கள் மேல் விளிம்பில் நின்றுதான் பார்த்திருப்போம். கீழிருந்து மேலேறி வரும் வண்டியோட்டியே அங்கு நாயகர். இக்காணொளி பார்வையிடத்தை மாற்றுகிறது. கேமரா கிணற்றுக்குள் இறங்குகிறது. அகல்கோண லென்ஸ் கீழிருந்து மேல்நோக்க, சுவர் வளைந்து நம்மைச் சூழ்கிறது. மோட்டார் சைக்கிள்களும் கார்களும் அச்சுவரில் சுழல, வட்டத்தின் மையத்தில் பாடகர் நிற்கிறார். தாளத்தின் சுழற்சியும் சக்கரத்தின் சுழற்சியும் ஒன்றாகின்றன. எல்லா இயக்கமும் ஒரு முகத்தைச் சுற்றி நிகழ்வதாகக் கண் உணர்கிறது. 1990களின் நான்கு உத்திகளும் இங்கு ஒரே இடத்தில், பெரிய அரங்க அமைப்போ கணினி மாயமோ இன்றிக் கைகூடியிருக்கின்றன.

இந்த ஆற்றலே ஒரு கேள்வியையும் எழுப்புகிறது. மையத்தில் நிற்பவருக்கு அச்சத்தையும் வியப்பையும் ஈட்டித் தருவது சுவரில் ஓடுபவரின் திறன். உயிரைப் பணயம் வைப்பவரும் அவரே. காணொளிக்குப் பின் மரணக் கிணற்றுக் கலைஞர்களைப் பற்றியும் செய்திகள் வந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் காட்சியின் இலக்கணம் அவர்களைச் சூழலாக்குகிறது, பாடகரைப் பொருளாக்குகிறது. ஒரு மரபுக் கலையை விளிம்பிலிருந்து எடுத்து மையத்தில் உள்ளவருக்கு ஒளிவட்டமாக்கும் இவ்விலக்கணம் இன்றைய தனியிசைக் காணொளிகள் பலவற்றுக்கும் பொது.

மையத்தில் இருந்தவரும் வெளியேற்றப்படலாம் என்பதற்குத் தமிழிலேயே சான்றுண்டு. 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாயி எஞ்சாமி’ காணொளியில் தீயும் தெருக்குரல் அறிவும் இணையாக இடம்பெற்றனர். பாடலை எழுதியவர் அறிவு. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் தோன்ற, அறிவு இல்லாமற்போனது பெரும் விவாதமாயிற்று. பா. ரஞ்சித் உள்ளிட்டோர் வெளிப்படையாகக் கண்டித்தனர். பின்னர் அறிவைக் கொண்ட மின்னட்டை ஒன்றை இதழ் வெளியிட்டது. நிலமற்ற உழைப்பாளரின் நினைவைப் பேசும் பாட்டு ஒன்றில், அந்நினைவுக்கு உரியவரின் முகமே விடுபட்டது என்பதுதான் அவ்விவாதத்தின் சாரம். அது தற்பெருமை பற்றிய சச்சரவு என ஒதுக்கத்தக்கதன்று.

முகமும் பெயரும் வெறும் மதிப்பைச் சார்ந்தவையல்ல, சட்டத்தையும் சார்ந்தவை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகலைஞர் என்னும் வரையறைக்குள் நடிகர், பாடகர், நடனக் கலைஞர் ஆகியோரோடு உடல்வித்தை செய்பவரையும் செப்பிடுவித்தைக்காரரையும் பாம்பாட்டியையும் கூடச் சேர்க்கிறது. ஆனால் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு விலக்கை இணைத்தது. படத்தில் ஒருவரின் பங்களிப்பு தற்செயலானதாக அமைந்து, தொழில் வழக்கப்படி பெயர்ப்பட்டியல் உள்ளிட்ட எவ்விடத்திலும் அவர் பெயர் குறிக்கப்படாவிட்டால், அவர் நிகழ்த்துகலைஞராகக் கருதப்படமாட்டார். தம் நிகழ்த்துதலைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை மட்டுமே அவருக்கு எஞ்சும். காணொளியின் இறுதியில் ஓடும் சிறிய எழுத்துகளில் ஒரு பெயர் இருப்பதும் இல்லாததும் அவருடைய உரிமையையே தீர்மானிக்கக்கூடும்.

ஆய்வாளர்களாகிய நமக்கு இதிலிருந்து ஒரு பணி பிறக்கிறது. இசைத்தட்டுக் காலத்தை ஆராய்பவர்கள் நிறுவனப் பட்டியல்களையும் தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத்தாளையும் தேடித் தொகுத்ததால்தான் அக்காலக் கலைஞர் பலரின் பெயர்கள் நமக்குக் கிடைத்தன. பக்கவாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் பெரும்பாலும் கிடைக்கவில்லை, அவை எழுதப்படவேயில்லை. இன்றைய காணொளிகளின் விவரக்குறிப்பு எப்போது வேண்டுமானாலும் திருத்தப்படலாம், நீக்கப்படலாம். ஒரு காணொளியின் கோணத்தையும் ஒளியையும் படத்தொகுப்பையும் பகுத்தாய்வதோடு, அதில் தோன்றுவோர் ஒவ்வொருவரின் பெயரையும் பணியையும் வெளியான காலத்திலேயே பதிந்துவைப்பதும் இத்துறை மாணவர்களின் ஆய்வுமுறையில் சேர வேண்டும். வட்டத்தின் மையத்தில் நிற்பவரை வரலாறு எப்படியும் நினைவில் வைத்துக்கொள்ளும். சுவரில் ஓடியவரின் பெயரை யாரேனும் எழுதிவைத்தால்தான் உண்டு.