குரலுக்கு ஒரு சுங்கம்

இணையவழித் தொலைபேசியை இந்திய அரசு அனுமதித்தது 2002 ஏப்ரல் 1 முதல். கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசியை அழைக்கலாம். உள்நாட்டுத் தொலைபேசியை அழைக்கக் கூடாது என்பது அன்றைய விதி. பிள்ளைகளை வளைகுடா நாடுகளுக்கு அனுப்பிவிட்டு, ஐ.எஸ்.டி. பூத்தின் மீட்டரைப் பார்த்தபடியே பேசிவந்த அவனியாபுரத்துக் குடும்பங்களுக்கும் அது ஓர் ஆறுதல். ஆனால் அந்த மலிவான பேச்சின் வழியிலும் கண்ணுக்குத் தெரியாத சுங்கச்சாவடி ஒன்று இருந்தது.

குரலை எண்களாக்கி அனுப்பி, மறுமுனையில் மீண்டும் குரலாக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். 1972இல் வந்த ஜி.711 என்னும் கோடெக்குக்குக் கட்டணமில்லை. ஆயினும் அதற்கு நொடிக்கு 64,000 பிட் வேண்டும். அன்றைய டயல்-அப் இணைப்பின் உச்ச வேகமோ 56,000. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1996இல் ஏற்ற ஜி.729, அதே பேச்சை 8,000 பிட்டில் அடக்கியது. தொண்டையும் வாயும் ஒலி எழுப்பும் விதத்தைக் கணித மாதிரியாக்கி, அம்மாதிரியின் அளவுகளை மட்டும் அனுப்பும் உத்தி அது. பிரான்சு டெலிகாம், ஜப்பானின் என்.டி.டி., கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகம் ஆகியவை அதை உருவாக்கின. தரம் பொதுவானது, காப்புரிமை தனியாருடையது. ஆஸ்டெரிஸ்க் என்னும் கட்டற்ற இணைப்பக மென்பொருளை இலவசமாகப் பெற்றவரும், அதில் ஜி.729ஐப் பயன்படுத்த, ஒரே நேரத்தில் நடக்கும் ஒவ்வோர் அழைப்புக்கும் 10 டாலர் என உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது.

நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். அகன்ற பாதை உடையவருக்கு ஜி.711 போதும். பாதை குறுகியவருக்கே சுருக்கம் தேவை. கட்டணமும் அவர் வழியில்தான் நின்றது. மூட்டையாக வாங்க வழியற்றவர் படிக்கணக்கில் வாங்கிக் கூடுதல் விலை கொடுப்பதைப் போன்றது இது.

சுருங்கச் சொல்லுதலை நன்னூல் அழகுகளில் ஒன்றாக வைத்தது. குறள் வெண்பாவின் யாப்பைக் கையாள எந்தப் புலவரும் எவருக்கும் உரிமம் செலுத்தியதில்லை. எனினும், ஆராய்ச்சிக்குப் பொருள் வேண்டும் என்பதையும் நாம் மறுக்க இயலாது. விடை வேறு வழியில் வந்தது. ழான்-மார்க் வாலின் 2002இல் தொடங்கிய ஸ்பீக்ஸ், காப்புரிமையைத் தவிர்த்தே எழுதப்பட்டது. அவரும் பங்குகொண்ட ஓபஸ், 2012இல் உரிமக் கட்டணமற்ற இணையத் தரமாயிற்று. 2017 தொடக்கத்தில் ஜி.729இன் பெரும்பாலான காப்புரிமைகளும் காலாவதியாயின.

சுங்கச்சாவடி நீங்கியது உண்மையே. ஆனால் பாதை குறுகிக் கிடந்த காலமெல்லாம் அது இருந்தது. பாதை அகன்ற பிறகே நீங்கியது.