நீரைப் பிளந்த வரலாறு

ஒரு செயலைச் செய்ய முடியும் எனக் கண்டறிவது ஒன்று. அதனை எல்லார்க்கும் எட்டும் விலையில் செய்து காட்டுவது மற்றொன்று. மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் பெறும் மின்னாற்பகுப்பின் வரலாறு, இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவை நன்கு உணர்த்துகிறது.

1800ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா தம் மின்கல அடுக்கை உலகிற்கு அறிவித்தார். அவ்வாண்டிலேயே இலண்டனில் நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் அத்தகைய அடுக்கொன்றின் கம்பிகளை நீரில் அமிழ்த்தினர். ஹைட்ரஜன் குமிழிகள் எழுந்தன. பின்னர் 1830களில் ஃபாரடே, செலுத்தப்படும் மின்னளவிற்கேற்பவே பொருள் பிரியும் என்னும் விதியை நிலைநாட்டினார். எனவே, ஒரு கிலோகிராம் ஹைட்ரஜனுக்கு வேண்டிய மின்னளவை எவராலும் குறைக்க இயலாது, குறைக்கத்தக்கது மின்னழுத்தமே.

ஆய்வுக்கூடத்தில் பிறந்த இக்கலை நார்வே நாட்டில் தொழிலாக வளர்ந்தது. ரியூக்கான் நகரையடுத்த வேமார்க்கில் அருவிநீரால் இயங்கும் மின்நிலையம் 1911இல் தொடங்கியது. 1929 முதல் அங்கே நீரைப் பிரித்து ஹைட்ரஜன் பெற்றனர். அதனைக் காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவும், அதிலிருந்து உரமும் செய்தனர். இந்தியாவிலும் 1960களில், பக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு நங்கல் உர ஆலை இம்முறையைக் கையாண்டது. அருவியும் அணையும் இவ்வாறு வயலுக்கு உணவூட்டின.

ஆயினும், இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் பெறுவது மலிவானபோது, மின்னாற்பகுப்பு பின்தள்ளப்பட்டது. நங்கல் ஆலையும் பின்னாளில் வேறு மூலப்பொருளை நாடியது. அறிவு தோற்கவில்லை, விலையே வென்றது. அவ்வெற்றிக்கு உலகம் கொடுத்த விலை, காற்றில் கலந்த கரியமில வாயுவாகும்.

அக்கேட்டைத் தவிர்க்கவே, கதிரவனும் காற்றும் தரும் மின்சாரத்தால் நீரைப் பிரிக்கும் முயற்சி இன்று மீண்டும் வலுப்பெற்றுள்ளது. இழப்பேதும் இல்லையெனில், ஒரு கிலோகிராம் ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 39 கிலோவாட்மணி மின்சாரம் போதும். நடைமுறையிலோ பெரும்பாலும் 50க்கு மேல் செலவாகிறது. மிகுதி வெப்பமாக வீணாகிறது. இவ்விழப்பைக் குறைக்க, மின்வாய்களைச் சவ்வோடு நெருக்கி அமைக்கின்றனர். நிக்கல் மின்வாய்களின் மேற்பரப்பைச் செம்மைப்படுத்துகின்றனர். மற்றொரு வகைக் கலத்திற்குத் தேவைப்படும் இரிடியம் மிக அரிய உலோகமாதலின், அதன் அளவைச் சுருக்கவும் முயல்கின்றனர்.

இம்முயற்சிகளோடு மின்சாரத்தின் விலையும் கலங்களின் விலையும் தாழ்ந்தாலன்றிப் பயன் முழுமை பெறாது. அருவிநீர் மலிவாக மின்சாரம் தந்த காலத்தில் நார்வே வென்றதும், மின்சாரத்தைவிட எரிவாயு மலிவான காலத்தில் அம்முறை தளர்ந்ததும் உணர்த்தும் உண்மை இதுவே.