தோற்ற பிறகும் போகாத வில்லன்கள்

கடந்த மாதம் ஒரு மழை இரவில் அக்காவின் மகனோடு இருந்து ‘தோர்: த டார்க் வேர்ல்ட்’ படத்தை இரண்டாவது தடவையாகப் பார்த்தேன். அவனுக்கு 13 வயது. மார்வெல் படங்களை வரிசைப்படி பார்த்து முடிப்பதென்று பிடிவாதமாக இருக்கிறான். படம் முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, “அந்த வில்லனின்ர பெயர் என்னடா?” என்று கேட்டேன்.

“வெள்ளை முகக்காரன்தானே மாமா… பெயர் ஞாபகம் வரேல்லை.”

எனக்கும் வரவில்லை. பத்து நிமிடத்துக்கு முன்னர்தான் முழுப் பிரபஞ்சத்தையும் இருளாக்கப் பார்த்தவன். தேடிப்பார்த்து மலெகித் என்று கண்டுபிடித்தோம். நடித்தவர் கிறிஸ்டோபர் எக்கல்ஸ்டன், லேசுப்பட்ட நடிகர் அல்லர். தோரின் தாய் சாவதும் அவனுடைய படையெடுப்பில்தான். ஆனாலும், கடைசியில் தோர் அரியணை வேண்டாம் என்று சொல்லும்போது அந்தப் பேச்சில் இருப்பது தம்பி லோக்கியைப் பற்றிய நினைவுதான். மலெகித் வந்தான், அடிபட்டான், போனான்.

சூப்பர் ஹீரோ படத்தில் வில்லன் தோற்பான் என்பது டிக்கெட் வாங்கும்போதே தெரிந்த விடயம். ஆகவே யார் வெல்வார் என்பதில் எனக்கு அக்கறையில்லை. வில்லன் போன பிறகு கதாநாயகனால் பழையபடி வாழ முடிகிறதா என்பதைத்தான் பார்ப்பேன். முடிகிறது என்றால் அந்த வில்லன் ஒரு தடை, அவ்வளவுதான். முடியவில்லை என்றால், அவன் சொன்னதில் அல்லது செய்ததில் ஏதோ ஒன்று கதாநாயகனுக்குள் தங்கிவிட்டது.

கொமிக்ஸ் புத்தகங்களுக்கு இந்த அவசரம் இல்லை. அடுத்த மாதமும் இதழ் வரவேண்டும், வில்லனும் வரவேண்டும். 1940இல் ‘பேட்மேன்’ முதலாவது இதழில் அறிமுகமான ஜோக்கரை அந்த இதழிலேயே சாகடிப்பதாகத்தான் முதலில் இருந்தது. பதிப்பாசிரியர் தலையிட்டு, அவன் பிழைத்துக்கொண்டதாக ஒரு படத்தைச் சேர்க்க வைத்தார். திரைப்படத்துக்கு இரண்டு, இரண்டரை மணித்தியாலங்கள்தான் இருக்கின்றன. பல பத்தாண்டுக் கதைகளிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று இயக்குநர் முடிவு செய்யும் இடத்திலேயே வில்லனின் தலைவிதியும் எழுதப்பட்டுவிடுகிறது.

அதே ஜோக்கரை எடுத்துக்கொள்வோம். 1989இல் டிம் பேர்ட்டன் எடுத்த படத்தில் ஜோக்கருக்கு ஜக் நேப்பியர் என்று ஒரு பெயர் உண்டு. பேட்மேனின் பெற்றோரைச் சுட்டவனும் அவனே என்று கதையை மாற்றினார்கள். ஜக் நிக்கல்சன் அட்டகாசமாக நடித்திருந்தார். ஆனால், அந்த மாற்றம் படத்தைச் சுருக்கிவிட்டதாகவே நினைக்கிறேன். பெற்றோரைக் கொன்றவன் செத்தான், கணக்கு முடிந்தது.

2008இல் வந்த ‘த டார்க் நைட்’ படத்தில் கிறிஸ்டோபர் நோலன் இதற்கு நேரெதிராகச் செய்தார். பெயர் இல்லை, ஊர் இல்லை. வாயோரத் தழும்பு எப்படி வந்தது என்று ஓரிடத்தில் தந்தையைப் பற்றி ஒரு கதை சொல்கிறான், இன்னோரிடத்தில் மனைவியைப் பற்றி வேறொரு கதை. மூன்றாவது முறை தொடங்கும்போது பேட்மேன் முடிக்க விடுவதில்லை. பழிதீர்க்க எதுவும் இல்லாத ஒருவனை எப்படி அடக்குவது? அவனுக்கு வேண்டியது பணமல்ல, பணத்தை மலையாகக் குவித்துவைத்து எரிக்கிறான். நெருக்கினால் நல்லவர்கள் எல்லோரும் உடைவார்கள் என்று நிரூபிப்பதுதான் அவனுடைய ஒரே வேலை. இரண்டு கப்பல்களில் குண்டு வைத்து, ஒன்றிலிருப்பவர்களின் கையில் மற்றக் கப்பலை வெடிக்கவைக்கும் கருவியைக் கொடுக்கிறான். யாரும் அதை அழுத்தவில்லை. அங்கே அவன் தோற்கிறான். ஆனால், நகரமே நம்பியிருந்த அரச வழக்கறிஞர் ஹார்வி டென்ட் விடயத்தில் வென்றுவிடுகிறான். டென்ட் செய்த கொலைகளைப் பேட்மேன் தன் தலையில் ஏற்றுக்கொண்டு, பொலிஸாரும் நாய்களும் துரத்த ஓடுவதோடு படம் முடிகிறது. ஹீத் லெட்ஜர் இறந்த பின்னர் அவருக்கு ஒஸ்கார் கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த பல படங்கள் அந்தச் சிரிப்பையும் கிழிந்த வாயையும் மட்டும் எடுத்துக்கொண்டன.

வில்லனுக்குக் கடந்தகாலம் இருக்கவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. ‘எக்ஸ்-மென்’ கதைகளில் வரும் மக்னீட்டோ 1963இல் முதலாவது இதழிலேயே வந்தவன். அப்போது அவன் உலகத்தை ஆள நினைக்கும் வழமையான வில்லன்தான். 1981இல் எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மொன்ட், நாஜிகளின் வதைமுகாமில் வளர்ந்த சிறுவன் என்ற கடந்தகாலத்தை அவனுக்குக் கொடுத்தார். 2000ஆம் ஆண்டுப் படம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. முதல் காட்சி 1944, போலந்து. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படும் சிறுவன் கதறும்போது இரும்புப் படலை வளைகிறது. அதற்குப் பிறகுதான் கதாநாயகர்களே வருகிறார்கள்.

ஆகவே, வித்தியாசமான சக்தி உள்ளவர்களையெல்லாம் பதிவு செய்யவேண்டும் என்று அமெரிக்க செனட்டர் ஒருவர் பேசும்போது, மேலே நின்று கேட்டுக்கொண்டிருக்கும் மக்னீட்டோவின் மனதில் என்ன ஓடுகிறது என்று எங்களுக்குத் தெரிகிறது. பெயர்ப்பட்டியல் தவறான கைகளில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை 1983 ஜூலையில் கண்ட நாட்டிலிருந்து பார்க்கும்போது அந்தக் காட்சி இன்னும் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறது. பேராசிரியர் சேவியரிடம் இதற்கு ஆதாரத்தோடு ஒரு மறுமொழியும் இல்லை. மனிதர்கள் மாறியிருப்பார்கள் என்ற நம்பிக்கை மட்டும்தான் இருக்கிறது. மக்னீட்டோ பிளாஸ்டிக் சிறைக்குள் அடைபட்ட பிறகும், சேவியர் எதிரில் உட்கார்ந்து சதுரங்கம் ஆடும்போதும், அந்த வாக்குவாதம் முடியவில்லை.

பிரபஞ்சத்தை அழிக்கும் திட்டம் இருந்தால்தான் பெரிய வில்லன் என்பதும் இல்லை. ‘ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்’ (2017) படத்தின் ஏட்ரியன் டூம்ஸ், இடிபாடுகளை அகற்றும் ஒப்பந்தகாரன். கடன்பட்டு ட்ரக்குகள் வாங்கியவனிடமிருந்து அரசாங்கமும் பெரிய கம்பனியும் சேர்ந்து வேலையைப் பறித்துவிடுகின்றன. அந்தப் படத்தில் என்னைப் பயமுறுத்திய காட்சியில் சண்டையே இல்லை. மகளையும் அவளுடைய துணையாக வந்த பையனையும் பாடசாலை நடனத்துக்குக் காரில் கூட்டிச்செல்கிறான். மைக்கல் கீட்டன் பின்னாடிக் கண்ணாடியில் பையனைப் பார்க்கிறார், பேச்சுக் கொடுக்கிறார், மெல்ல மெல்லக் கண்டுபிடிக்கிறார். சிவப்பு விளக்கு பச்சையாகும்போது அவருக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது.

தானோஸைப் பற்றிச் சொல்லாவிட்டால் மருமகன் கோபிப்பான். 1991இல் வெளிவந்த கொமிக்ஸ் கதையில் தானோஸ் மரணம் என்ற பெண்ணுருவைக் காதலிப்பவன். அவளை மகிழ்விக்கவே பிரபஞ்சத்தின் பாதி உயிர்களை அழிக்கிறான். 2018ஆம் ஆண்டுப் படத்தில் அதை எடுத்துவிட்டு, வளங்கள் போதாது, சனத்தொகையைப் பாதியாக்கவேண்டும் என்ற வாதத்தை வைத்தார்கள். கேட்க நவீனமாக இருக்கிறது. ஆனால், கணக்குச் சரிவராது. 1970களின் தொடக்கத்தில் உலக சனத்தொகை கிட்டத்தட்ட 380 கோடி, படம் வந்த ஆண்டில் ஏறத்தாழ 760 கோடி. அதாவது, விரலைச் சொடுக்கிப் பூமியில் அவன் வாங்கியது 50 வருடங்கள் மட்டுமே! ஜொஷ் புரோலினின் நடிப்பு அருமை. அவனுடைய அழிவு கதாநாயகர்களை நொறுக்கியது உண்மை. அவனுடைய வாதம் அவர்களைத் தொடவில்லை. அடுத்த படத்தில் ஹட்சன் ஆற்றில் திமிங்கிலங்களைக் கண்டதாகக் கப்டன் அமெரிக்கா ஓரிடத்தில் சொல்கிறார், அதோடு சரி.

தொலைக்காட்சித் தொடர்களுக்கு நேரம் தாராளமாக உண்டு. நெட்ஃபிளிக்ஸில் 2015இல் வந்த ‘டெயார்டெவில்’ அதை நன்றாகப் பயன்படுத்தியது. வில்சன் ஃபிஸ்க்கின் பெயரைச் சொல்லவே அவனுடைய ஆட்கள் அஞ்சுகிறார்கள். மூன்றாவது அத்தியாயத்தின் கடைசியில்தான் முகத்தைக் காட்டுகிறார்கள். அப்போதும் அவன் யாரையும் அடிக்கவில்லை. ஒரு வெள்ளை ஓவியத்தின் முன் தனியாக நின்று, அதைப் பார்த்தால் தனிமையாக உணர்வதாகச் சொல்கிறான். அதே ஆண்டில் வந்த ‘ஜெசிக்கா ஜோன்ஸ்’ தொடரின் கில்கிரேவ், கொமிக்ஸில் ஊதா நிறத் தோல் கொண்டவன். திரையில் அந்த ஊதாவை உடைகளுக்கு மாற்றிவிட்டு அவனைச் சாதாரண மனிதனாக்கினார்கள். சொன்னதைச் செய்யவைக்கும் சக்தியால் ஒரு பெண்ணின் வாழ்க்கையை அழித்துவிட்டு, அதைக் காதல் என்று உண்மையாகவே நம்புகிறான். தோல் ஊதாவாக இருந்திருந்தால் அவனை எங்கள் தெருவில் இல்லாத ஒருவனாக நினைத்து நிம்மதி அடைந்திருப்போம்.

போன கிழமை ‘பிளக் பாந்தர்’ படத்துக்கு வந்து சேர்ந்தோம். கில்மொங்கர் என்ற பாத்திரம் 1973இல் வந்தது. இயக்குநர் ரயன் கூக்லர் அவனைத் தன் சொந்த ஊரான ஒக்லண்டில் வளர்ந்த பிள்ளையாக்கினார். செல்வம் கொழிக்கும் ஆபிரிக்க நாடான வகாண்டாவின் அரசன், 1992இல் ஒக்லண்டில் தன் தம்பியையே கொன்றுவிட்டு, அவருடைய மகனை அங்கேயே விட்டுப் போகிறான். அந்தப் பிள்ளைதான் பின்னர் கில்மொங்கராக வந்து கேட்கிறான்: உலகம் முழுவதும் எங்களைப் போன்றவர்கள் மிதிபடும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

இந்த மாதிரி வில்லனிடம் ஹொலிவூட்டுக்கு ஒரு பழக்கமான தந்திரம் உண்டு. கேள்வி நியாயமாக இருந்தால், கேட்பவனைக் கொண்டு ஓர் அப்பாவியைக் கொல்லவைத்துவிடுவது. பதில் சொல்லும் வேலை மிச்சம். 2021இல் வந்த ‘த பால்கன் அண்ட் த வின்டர் சோல்ஜர்’ தொடரில் இடம்பெயர்ந்தவர்களுக்காகப் போராடும் கார்லிக்கு இதுதான் நடந்தது. ஆட்கள் கட்டிப்போடப்பட்டிருந்த கட்டடத்தை அவள் தகர்க்கிறாள், பிறகு அவளை வெறுப்பது சுலபமாகிவிடுகிறது. கடைசியில் அவளுடைய கோரிக்கையைப் பற்றிக் கதாநாயகன் அரசியல்வாதிகளிடம் நீண்ட உரையே ஆற்றுகிறான். கேட்க அவள் உயிரோடு இல்லை.

கில்மொங்கரும் தன் காதலியைச் சுடுகிறான், முதிய பெண்ணொருவரின் கழுத்தைப் பிடிக்கிறான். அந்தத் தந்திரம் இங்கேயும் இருக்கிறது. ஆனால், ட்சாலா அதற்குள் ஒளிந்துகொள்ளவில்லை. இறந்துபோன தந்தையின் முன் நின்று, நீங்கள் எல்லோரும் பிழை விட்டுவிட்டீர்கள் என்று கத்துகிறான். கடைசியில், சித்தப்பா கொல்லப்பட்ட அதே ஒக்லண்ட் கட்டடத்தை வாங்கி வகாண்டாவின் முதலாவது உதவி நிலையத்தைத் தொடங்குகிறான். எதிரியின் கேள்விக்கு எதிரி இறந்த பிறகு பதில் சொல்கிறான்.

அதற்கு முன்னர் அந்தச் சூரிய அஸ்தமனக் காட்சி. மார்பில் கத்தியோடு இருக்கும் கில்மொங்கரிடம், உன்னைக் காப்பாற்றலாம் என்கிறான் ட்சாலா. சிறையில் வாழ்வதைவிட, அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் குதித்த மூதாதையரைப் போல் போவதே மேல் என்று மறுத்துவிடுகிறான் அவன். மருமகன் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினான்.

“அவன் ஓமெண்டு சொல்லியிருந்தா, மாமா? வகாண்டாவில அவனை என்ன செய்திருப்பினம்?”

எனக்குத் தெரியவில்லை. அவன் மறுமொழிக்குக் காத்திருக்கவும் இல்லை. காட்சியைப் பின்னுக்கு இழுத்து மறுபடி போட்டான்.